வைக்கோல், சூளை, பாகு

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குப் புகைப் பழக்கம் கிடையாது. கல்லூரியில் ஒரே ஒரு தடவை சிகரெட்டை வாயில் வைத்து, இருமி, கண் கலங்கி, பக்கத்தில் நின்றவன் சட்டையைப் பாழாக்கினவன் நான். அப்படிப்பட்டவன், முழுக்கப் புகையிலை வாசனையில் ஓடுகிற ஒரு கதையை எழுத உட்கார்ந்திருக்கிறேன். என்ன தைரியம் பாருங்கள்.

பெண்ணாடம் போக விருத்தாசலத்தில் பஸ் மாற வேண்டியிருந்தது. நேரம் இருந்ததால் சாலையோரப் பீங்கான் கடை ஒன்றில் சும்மா நின்றேன். சாமி பொம்மைகளுக்கும் ஊறுகாய் ஜாடிகளுக்கும் நடுவில் வெள்ளையாக ஒரு சின்னப் பைப்பு கிடந்தது. மண்ணில் செய்து சுட்டது, மெருகு பூசாதது. (சுங்கான் என்று ஒரு நல்ல சொல் இருக்கிறது. ஆனால் இந்தக் கதையில் வருகிற யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். நான் மட்டும் சொல்லி என்ன ஆகப்போகிறது?) "இது என்னங்க?" என்று கடைக்காரரைக் கேட்டேன்.

"அதுவா, பசங்க சோப்பு நுரை ஊதுறது சார்" என்றார்.

எடுத்து முகர்ந்து பார்த்தேன். ஒரு வாசனையும் இல்லை.

பைப்பு பிடிக்கிற நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. ஒரே புகையிலையை விடாமல் பிடிக்கிறவனுக்கு ரசனை போதாது என்பது அவர் கட்சி. ஒரு கலவை, அப்புறம் வேறொன்று, அப்புறம் இன்னொன்று என்று வரிசையாகப் பிடிக்க வேண்டுமாம். முன்னால் போனதுதான் பின்னால் வருவதன் ருசியைத் தூக்கிக் கொடுக்குமாம். அவர் சொன்ன வரிசையும், வாசனையே இல்லாத இந்தப் பைப்பும் பஸ்ஸில் என்னோடு ஏறிக்கொண்டன. பெண்ணாடம் வருவதற்குள் அம்புஜவல்லி வந்துவிட்டாள்.

2

முதல் ஆரம்பம்:

"1971 மார்கழியில் வந்த காய்ச்சலுக்குப் பிறகு அம்புஜவல்லிக்கு எந்த வாசனையும் தெரியாமல் போயிற்று."

நல்ல வாக்கியம்தான். ஆனாலும் அடித்துவிட்டேன். இதை முதலில் வைத்தால் பின்னால் வரப்போகிற லேசான சந்தோஷங்கள் எதுவும் நாக்கில் நிற்காது. எதை எதற்கு முன்னால் வைப்பது என்பதுதான் எனக்கும் பிரச்சினை, அம்புஜவல்லியின் கணவர் சபேசனுக்கும் பிரச்சினை.

இரண்டாவது ஆரம்பம்:

"மணிமுத்தாற்றங்கரையில் அமைந்துள்ள விருத்தாசலம், பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்ற"

இது பள்ளிக்கூடக் கட்டுரை. பாதியிலேயே விட்டுவிட்டேன்.

மூன்றாவதை அடிக்காமல் வைத்திருக்கிறேன். அது கீழே.

3

சபேசன் பேசாத மனிதர்.

பீங்கான் தொழிற்பேட்டையில் சூளை மேற்பார்வை அவருக்கு. சூளைச் சுவரில் இருக்கும் சின்னத் துவாரம் வழியாக நெருப்பின் நிறத்தைப் பார்த்து, இன்னும் எரியவிடு, போதும் நிறுத்து என்று கையைக் காட்டுகிற வேலை. வாயே தேவைப்படாத வேலை. வீட்டிலும் அதே கதைதான். "சாப்பிட வரேளா?" என்றால் வருவார். "உப்புப் போறுமா?" என்றால் தலையாட்டுவார். கெட்டவர் இல்லை. அம்புஜவல்லி காலில் முள் குத்தினால் விளக்கோடு வந்து உட்கார்ந்து, அது வரும்வரை நகராமல் எடுத்துவிடுவார், ஒரு வார்த்தை பேசாமல். கல்யாணமாகி வந்த புதிதில் இவருக்கு நம்மைப் பிடிக்கவில்லையோ என்று அவள் நிறைய அழுதிருக்கிறாள். அப்புறம் பழகிவிட்டது. பிள்ளைகள் இல்லை. (அதைப் பற்றி இந்தக் கதையில் வேறொன்றும் வராது. எல்லாக் கதையும் அங்கேயே போய் நிற்க வேண்டுமா என்ன?)

1965இல் புதுச் சூளை அமைப்பதற்காக வந்த வெளிநாட்டு இன்ஜினியர், ஊருக்குத் திரும்பும்போது தன் மரப் பைப்பையும் பாதி காலியான புகையிலை டப்பாவையும் சபேசன் கையில் கொடுத்துவிட்டுப் போனார். இவரும் மறுக்கத் தெரியாமல் வாங்கிக்கொண்டார். வீட்டுக்குள் பிடிக்க மனசு வரவில்லை. கொல்லையில் துவைக்கிற கல்லின் மேல், சமையலறை ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பற்றவைத்தார்.

ஜன்னலுக்குள்ளிருந்து குரல் வந்தது. "ஏன்னா, அது என்ன? வைக்கப்போர் மேல வெயில் அடிச்சா வருமே, அந்த மாதிரி ஒரு வாசனை?"

திட்டு விழப்போகிறது என்று நினைத்தார் சபேசன். "பிடிக்கலையா?"

"நன்னா இருக்கே!"

அன்றைக்கு அவர் பேசினார். இன்ஜினியர் தயிர் சாதத்தைக் கண்டு பயந்தது, சூளைக்குள் நெருப்பு ஆரஞ்சிலிருந்து மஞ்சளாகும்போது தனக்கு ஏனோ நெஞ்சு அடித்துக்கொள்வது, சின்ன வயசில் நல்லூரில் ஆடு மேய்க்க ஆசைப்பட்டது. அம்புஜவல்லி அரிவாள்மனையில் வாழைக்காயை வைத்தபடி, நறுக்க மறந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பைப்பு வாயில் இருந்தால்தான் அந்த மனிதருக்கு வாயே திறக்கும் போலிருக்கிறது.

எழுந்து போகும்போது ஜன்னல் அருகில் நின்று சொன்னார்: "உனக்கு இந்த வாசனை பிடிக்காமப் போனா அன்னிக்கே சொல்லிடு, அம்புஜம். கிணத்துல போட்டுடறேன். உனக்கில்லாத வாசனை எனக்கெதுக்கு?"

இந்த வரியை மட்டும் மறந்துவிடாதீர்கள். அவர் பிரியமாகத்தான் சொன்னார். கதையே அதில்தான் தொங்குகிறது.

4

டப்பா தீர்ந்ததும் என்ன செய்வது? அதற்கு பஜாரில் உமர் பாரூக் இருந்தார். வெற்றிலை, பாக்கு, புகையிலை மொத்த வியாபாரம். அவருடைய மச்சான் கலீல் ரஹ்மானுக்கு சிங்கப்பூர் துறைமுகத்தில் வேலை. நாகப்பட்டினம் வருகிற கப்பலில் யார் கையிலாவது டப்பாக்களைக் கொடுத்தனுப்புவார். அப்படித்தான் மூன்று விதப் புகையிலை வீட்டுக்கு வந்தது. எப்படிப் பிடிக்க வேண்டும் என்பதையும் உமர் பாரூக்கே சொல்லிக் கொடுத்தார்.

"லேசானத மொதல்ல புடிங்க சார். இனிப்பு நடுவுல. கறுப்பு கடைசி. கறுப்பு முன்னாடி போயிட்டா நாக்கு செத்துப்பூடும். அப்பறம் மத்ததெல்லாம் பச்சத்தண்ணிதான்."

சபேசன் அப்படியே செய்தார். ஜன்னல் ஒத்துக்கொள்ளவில்லை.

அம்புஜவல்லி அதற்குள் மூன்றுக்கும் பெயர் வைத்திருந்தாள். வெளிர் மஞ்சளாக இருந்தது வைக்கோல். தேனும் பழமும் சேர்த்துப் பிசுபிசுவென்று இருந்தது பாகு, கரும்புச் சாறு காய்ச்சுகிற இடத்தை பஸ்ஸில் தாண்டும்போது வருமே, அது. விறகுப் புகையில் பதப்படுத்திய கறுப்பு, சூளை. அது சபேசன் வேலையிலிருந்து வந்து கழற்றி மாட்டுகிற சட்டையின் வாசனையேதான்.

"பாகு நடுவுல வந்தா திகட்டறதுன்னா. சூளையை நடுவுல வெச்சுப் பாருங்கோளேன்."

"நாக்கு செத்துடுமாம்."

"நடுவுல கொஞ்சம் தண்ணி குடியுங்கோ. சாகாது."

வைத்துப் பார்த்தார். சூளையின் கசப்பு வந்து போன வாயில் பாகு வேறு பாகாக இருந்தது. பிசுபிசுப்பு போய், பாத்திரத்தின் அடியில் பிடித்த வெல்லத்தைச் சுரண்டித் தின்கிற மாதிரி, லேசாகத் தீய்ந்த தித்திப்பு. மறுநாள் உமர் பாரூக்கிடம் சொன்னார். அவர் சிரித்தார். கடைக்குப் பின்னால் போய்ப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரிக்காமல் திரும்பி வந்தார். "யாரு சார் சொன்னது?"

"ஆத்துல."

"அம்மாவுக்கு என் சலாத்த சொல்லிடுங்க."

அதிலிருந்து தினமும் அந்தி வேளையில் அதே வரிசை. மரப் பைப்பு வெடித்தபின் பேட்டைச் சூளையின் ஓரத்தில் வைத்துத் தானே மண்ணில் மூன்று பைப்பு சுட்டுக்கொண்டார், வாசனைக்கு ஒன்றாக.* சபேசன் கல்லில் உட்கார்ந்து குச்சியை உரசுவார். முகத்தைத் திருப்பாமல் கேட்பார்: "இப்ப என்னது?" உள்ளேயிருந்து பதில் வரும்: "வைக்கோல்." கொஞ்ச நேரம் பேச்சு. அடுத்த குச்சி. "இப்ப?" "சூளை." வரிசை மாறவே மாறாது. தெரிந்ததை எதற்குக் கேட்க வேண்டும் என்று நீங்கள் கேட்டால், நீங்கள் யாரோடும் சரியாக வாழவில்லை என்று அர்த்தம். (மன்னிக்கவும். எழுதுகிற வேகத்தில் வந்துவிட்டது. அடிக்க மனசில்லை.)

* மெருகிடாத மண் வாசனையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அழுக்கேறிப் போனால் மறுபடி சூளையில் வைத்து எடுப்பார்கள். பழசெல்லாம் எரிந்து, வெள்ளை வெளேரென்று, எந்த ஞாபகமும் இல்லாமல் திரும்பி வரும்.

5

இனி அந்த அடித்த வாக்கியத்தைச் சொல்லலாம். 1971 மார்கழியில் வந்த காய்ச்சலுக்குப் பிறகு அம்புஜவல்லிக்கு எந்த வாசனையும் தெரியாமல் போயிற்று.

படுக்கையிலிருந்து எழுந்து முதலில் காபி போட்டாள். வெந்நீர் மாதிரி இருந்தது. காபிப் பொடிக்காரனைத் திட்டினாள். கற்பூரத்தை மூக்கருகில் வைத்தாள். பெருங்காயத்தை உடைத்து முகர்ந்தாள். அப்புறம் ஆணியில் தொங்கிய சபேசன் சட்டையை எடுத்து முகத்தை அதில் புதைத்துக்கொண்டாள். துணி மட்டும்தான் இருந்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். சூளையில் வைத்தெடுத்த பைப்பு மாதிரி ஆகிவிட்டோம் என்று நினைத்தாள்.

அவரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன ஆகும் என்பது அவளுக்குத் தெரியும். சொன்ன சொல்லைச் செய்கிற மனிதர். பைப்பை அன்றைக்கே கிணற்றில் போட்டுவிட்டு, கூடத்தில் பேப்பரோடு உட்கார்ந்துவிடுவார். அப்புறம் உப்புப் போதுமா என்றால் தலையாட்டல்தான். வாசனை போனால் போகட்டும், பூவும் காபியும் போனால் போகட்டும், அந்த அந்தி வேளைப் பேச்சு போனால் அவளுக்கு வேறு என்ன இருக்கிறது?

அதனால் மறைத்தாள். அது கஷ்டமாகவும் இல்லை. வரிசை அவளே போட்டது. முதல் குச்சி உரசினால் வைக்கோல், இரண்டாவது சூளை, மூன்றாவது பாகு. காது இருந்தால் போதும். "நன்னா இருக்கு" என்று அதே குரலில் சொல்லிவிட்டு, அவர் பேசுவதைக் கேட்பாள். கேட்கும்போது சந்தோஷமாக இருக்கும். விளக்கணைத்துப் படுத்ததும் இந்த நல்ல மனிதரை ஏமாற்றுகிறோமே என்று இருக்கும்.

[இந்த இடத்தில் என் மனைவி படித்துவிட்டு, "மூக்கில்லாம எப்படிச் சமைச்சா? அவருக்குத் தெரியாமலா இருக்கும்?" என்றாள். நியாயமான கேள்வி. அதற்காகப் பூவாயியை இப்போதுதான் உள்ளே கொண்டு வருகிறேன். பூவாயி காலையில் கீரை கொண்டு வருகிறவள். அவளிடம் மோரை நீட்டி, "புளிச்சுடுத்தா பாரேண்டி" என்பாள் அம்புஜவல்லி. "இன்னாம்மா, ஒனக்கு இன்னும் சளி வுடலியா?" என்பாள் பூவாயி. ஒரு வருஷம் ஆகப்போகிறது, சளி விடவில்லை. என் மனைவிக்கு இது திருப்தியில்லை. "அவருக்குத் தெரிஞ்சிருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.]

6

ஐப்பசி. பகலெல்லாம் மழை. சாயங்காலம் கொஞ்சம் விட்ட நேரத்தில் கரண்ட் போயிற்று.

இனி நடந்ததை ஜன்னலுக்கு உள்ளேயிருந்து மட்டும் சொல்லப்போகிறேன். அம்புஜவல்லிக்குத் தெரிந்தது போதும், அதற்கு மேல் உங்களுக்கும் வேண்டாம்.

"இருட்டா இருக்கு, லாந்தரை எடுத்துண்டு போங்கோ" என்றாள். சபேசன் எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார். அவள் ஜன்னலடியில் அவரைக்காய் நாரெடுக்க உட்கார்ந்தாள். காற்று வீசிக்கொண்டிருந்தது. குச்சி உரசுகிற சத்தம் கேட்டது. அவர் கேட்கவில்லை, ஆனாலும் அவள் சொன்னாள்.

"வைக்கோல்."

சற்றுப் பொறுத்து இன்னொரு குச்சி.

"அதுக்குள்ள சூளையா? இன்னிக்கு என்ன அவசரம்?"

மூன்றாவது குச்சி.

"பாகு! இன்னிக்குப் பாகு ரொம்ப நன்னா வந்திருக்குன்னா. மழைக்கு அப்படியே ஜன்னல்ல வந்து ஒட்டிக்கறது."

முருங்கை இலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. பிறகு சபேசனுடைய தொண்டை கனைக்கிற சத்தம்.

"ஆமா, அம்புஜம்" என்றார். "நன்னாத்தான் வந்திருக்கு."

அப்புறம் பேச ஆரம்பித்தார். எப்போதும் பேட்டையைப் பற்றி, ஆட்களைப் பற்றிப் பேசுகிறவர் அன்றைக்கு வாசனையைப் பற்றியே பேசினார். வைக்கோல் மழையில் நனைந்து மறுநாள் வெயிலில் காய்கிறபோது அடியில் ஒரு சூடு இருக்குமே, அது இருந்தது என்றார். சூளையில் இன்றைக்குப் புளியமர விறகு அதிகம் என்றார். பாகில் ஏலக்காய் ஒன்று யாரோ தட்டிப் போட்ட மாதிரி என்றார். வார்த்தை வார்த்தையாகத் தேடித் தேடி, வேலைக்குப் புதிதாக வந்தவன் மாதிரி தடுமாறிச் சொன்னார். இன்றைக்கு என்னவோ நல்ல மனநிலை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

7

மறுநாள் காலை, அவர் பேட்டைக்குப் போனபிறகு, வாசலில் சைக்கிள் மணி. உமர் பாரூக், கையில் காகிதத்தில் சுற்றிய பொட்டலம்.

"சார் பூட்டாரா? பரவால்லம்மா, நீங்களே வாங்கி வெச்சிடுங்க. கப்பலு லேட்டு. வூட்ல மூணு டப்பாவும் காலின்னு சாரு முந்தாநேத்து ராத்திரியே வந்து சொன்னாரு. வெறும் பைப்ப கடிச்சிக்கினு உக்காந்திருப்பாரேன்னு, சரக்கு வந்ததும் மொத வேலையா எட்துக்குனு வந்தேன்."

"நேத்தி சாயங்காலம்..." என்றாள் அம்புஜவல்லி.

"நேத்து எதும்மா புகையில? இப்பதான வருது."

அவர் போயிட்டு வரேன் என்று சொன்னது அவள் காதில் விழவில்லை. கொல்லைக்குப் போனாள். துவைக்கிற கல்லின் மேல் லாந்தர் இருந்தது, திரியில் சாரல் பட்டு ஊறி. பக்கத்தில் மூன்று தீக்குச்சிகள், நுனி மட்டும் கருகி, காற்றில் அணைந்தவை. லாந்தரை ஏற்றப் பார்த்திருக்கிறார், ஏறவில்லை. அவ்வளவுதான். வாயில் வெறும் பைப்போடு இருட்டில் உட்கார்ந்திருந்த மனிதரிடம், உள்ளேயிருந்து ஒருத்தி வைக்கோல் என்றும் சூளை என்றும் பாகு ரொம்ப நன்னா வந்திருக்கு என்றும் சொல்லியிருக்கிறாள்.

அவரும் ஆமா என்றிருக்கிறார்.

நேற்று அவர் தேடித் தேடிச் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அவளுக்கு இப்போது திரும்பக் கேட்டது. நனைந்த வைக்கோல். புளியமரம். ஏலக்காய். இல்லாத புகையைத் தனக்காக உட்கார்ந்து சொன்ன அந்தப் பேசாத மனிதரை நினைத்துக் கல்லின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக, கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இல்லாத அளவுக்கு அவர்மேல் ஆசையாக இருந்தது.

8

இந்தக் கதையில் நான் அதிகம் சந்தேகப்பட்டது சபேசனைத்தான். ஒருவன் இப்படிச் செய்வானா? கோபப்பட வேண்டாமா? "சபேசன் கல்லிலிருந்து எழுந்து விறுவிறுவென்று உள்ளே வந்து" என்று எழுதிப் பார்த்தேன். வரமாட்டேன் என்கிறார் மனுஷன். கல்லிலேயே உட்கார்ந்து தொண்டையைக் கனைக்கிறார். சரி, உட்காரட்டும்.

ஆனால் முடிவு வேண்டுமே. மூன்று எழுதி வைத்திருக்கிறேன். அம்புஜவல்லியின் வரிசையிலேயே தருகிறேன்.

வைக்கோல்: அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. ஒருவருக்குத் தெரியும் என்பது இன்னொருவருக்குத் தெரிந்தே, காலம் முழுக்க அந்த அந்தி வேளை நடக்கிறது. லேசான முடிவு. பாதி வீடுகள் இப்படித்தான் நன்றாக நடக்கின்றன.

சூளை: புதுப் பொட்டலத்தை அவளே கொண்டுபோய்க் கிணற்றில் போட்டுவிடுகிறாள். இனி பொய் வேண்டாம். சாயங்காலம் இருவரும் கூடத்தில் உட்காருகிறார்கள். அவர் பேப்பரைப் பிரிக்கிறார். இதை எழுதிய அன்று நான் சரியாகச் சாப்பிடவில்லை.

பாகு: "எனக்கு வாசனை தெரியலைன்னா, ஒரு வருஷமா" என்கிறாள். "தெரியும்" என்கிறார். பைப்பைக் கிணற்றில் போடாமல், ஜன்னலுக்கு உள்ளே வந்து அவள் பக்கத்தில் உட்காருகிறார். என் மனைவிக்கு இதுதான் பிடித்தது. எனக்கும்தான், ஆனால் திகட்டுமோ என்று பயம். சூளைக்கு அடுத்து வைத்ததால் கொஞ்சம் தாங்குகிறது, இல்லையா?

9

மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் உரிமை எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை. யோசித்துப் பாருங்கள். முதல் பக்கத்திலிருந்து நான் உங்களுக்கு வைக்கோல் என்றேன், சூளை என்றேன், தீய்ந்த வெல்லம் என்றேன். ஒரு வாசனையாவது உங்களுக்கு வந்ததா? இந்தத் தாளில் எதுவும் புகையவில்லை. பற்றவைக்கவே தெரியாதவன் எழுதியது. ஆனாலும் நீங்கள் எழுந்து போகவில்லை. இவ்வளவு நேரமும் நீங்கள் ஜன்னலுக்கு உள்ளே, அவள் பக்கத்தில்தான் இருந்தீர்கள். அவள் என்ன சொல்வாள் என்பது என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும்.

எனக்குத் தெரிந்தவரை இவ்வளவுதான்:

அன்று சாயங்காலம் மழை இல்லை. கரண்ட் இருந்தது. அம்புஜவல்லி பொட்டலத்தைக் கல்லின் மேல் வைத்துவிட்டு வந்து, ஜன்னலடியில் அரிவாள்மனையைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். சபேசன் வந்தார், பிரித்தார், பைப்பில் அடைத்தார். குச்சி உரசுகிற சத்தம் கேட்டது. அவள் வழக்கம்போல அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தாள்.

ஏழு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தவர் அன்றைக்குக் கேட்கவில்லை. முதல் தடவையாகக் கல்லில் திரும்பி, ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தார்.

"இது வைக்கோல், அம்புஜம்" என்றார். "வெயில் இப்பதான் மேல ஏறறது."

சொல்லிவிட்டு நிறுத்தினார். அவள் கை அரிவாள்மனையில் அப்படியே நின்றது. இரண்டு பேருக்கும் நடுவில் ஜன்னல் கம்பிகள் மட்டும்தான் இருந்தன.

அவள் என்ன சொல்லட்டும்?